ரிவர்ட், ரீசெட், ரிஸ்டோர்: குழப்பம் உங்கள் ஆங்கிலத்தில் இல்லை

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 23. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புரோகிராம் எழுதுவதில் சிரமம் இல்லை. புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற மென்பொருள்தான் என்னைப் படுத்துகிறது. போன வாரம் டீம் லீடர் போன் பண்ணி, “காலைல போட்டத உடனே ரிவர்ட் பண்ணிடு, பில்லிங் நிக்குது” என்றார். நெட்டில் தேடினேன். கடைசி கமிட்டை, அதாவது கடைசியாகப் பதிவுசெய்த மாற்றத்தை, நீக்க ரீசெட் ஹார்டு என்று இருந்தது. அதைப் போட்டேன். அன்று எழுதிக்கொண்டிருந்த வேறொரு வேலையும் சேர்ந்து போய்விட்டது. சர்வருக்கு அனுப்ப புஷ் பண்ணினால் ரிஜெக்ட் ஆனது, முதலில் சர்வரில் இருப்பதைப் புல் பண்ணி எடுத்துக்கொள் என்று காட்டியது. புல் பண்ணினேன். எடுக்கச் சொன்ன கமிட் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. “ரிவர்ட்னா கூடவா தெரியாது, இங்கிலீஷ் புரியலையா” என்று எல்லார் முன்னாலும் லீடர் கேட்டுவிட்டார். டிக்‌ஷனரியில் பார்த்தால் ரிவர்ட், ரீசெட், ரிஸ்டோர் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? இல்லை, டெஸ்டிங் பக்கம் போய்விடலாமா? அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களுக்குக் கிட் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான்.
வாசகர், கோவை.

பதில்:

தம்பி, முதலில் தொலைந்துபோன வேலையைப் பற்றிப் பேசிவிடுவோம். அதற்கு நேரம் முக்கியம், மற்றதை எல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ரீசெட் போடுவதற்கு முன் அந்த ஃபைல்களுக்கு ஒரு தடவையாவது கிட் ஆட் (அடுத்த கமிட்டுக்காக எடுத்து வைக்கும் கமாண்ட்) கொடுத்திருந்தீர்களா? கொடுத்திருந்தால், ஆட் பண்ணிய அந்த நொடியில் ஃபைல் எப்படி இருந்ததோ அந்தப் பிரதி இன்னும் உங்கள் கணினியில்தான் கிடக்கிறது. கிட் எஃப்எஸ்சிகே என்ற கமாண்டை லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பெயர் இல்லாத பிரதிகளை எல்லாம் கிட்டின் மறைவான ஃபோல்டருக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற இடத்தில் எடுத்து வைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து உங்களுடையதைக் கண்டுபிடிக்க வேண்டும், கொஞ்சம் பொறுமை தேவை. இப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பவற்றைக் கிட் சாதாரணமாக இரண்டு வாரம் வரை விட்டுவைக்கும், அதற்கப்புறம் பெருக்கித் தள்ளிவிடலாம். அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

ஆட் கொடுக்கவே இல்லை என்றால் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை, அதன் கண்ணிலேயே அது படவில்லை. அப்போது எடிட்டரைப் பாருங்கள். விஎஸ் கோடில் 2022 மார்ச் பதிப்பிலிருந்து, நீங்கள் சேவ் பண்ணும்போதெல்லாம் ஒரு பிரதி எடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. ஃபைலைத் திறந்து டைம்லைன் என்ற பகுதியைப் பார்த்தால் மணி வாரியாகக் காட்டும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் இதே வசதிக்கு லோக்கல் ஹிஸ்டரி என்று பெயர். புதிதாக உருவாக்கி, ஒரு தடவைகூட ஆட் பண்ணாத ஃபைல்களை ரீசெட் ஹார்டு பெரும்பாலும் தொடாது. அவை இருந்த இடத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் லீடர் கேட்டது கிட் ரிவர்ட். அந்தக் கமாண்ட் எதையும் அழிக்காது. பழைய கமிட் பத்து வரியைச் சேர்த்திருந்தால், அந்தப் பத்து வரியை எடுக்கிற ஒரு புதிய கமிட்டைப் போடும். கணக்குப் பேரேட்டில் தப்பாக எழுதிய வரவை ரப்பரால் அழிக்காமல், அதற்கு எதிர்ப்பதிவு போடுகிறோமே, அதே வேலை. காலையில் போட்டதை ஏற்கெனவே புஷ் பண்ணிவிட்டதால், மற்றவர்களும் அதை எடுத்திருப்பார்கள் என்பதால், அன்றைக்குப் பொருத்தமான வழி அதுதான். நீங்கள் போட்ட ரீசெட் ஹார்டு, பேரேட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்ததுபோல. அதுவும் உங்கள் கையில் இருந்த பிரதியில் மட்டும். சர்வரில் இருந்த பேரேட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. அதனால்தான் புஷ் பண்ணும்போது ‘நீ பின்தங்கியிருக்கிறாய்’ என்று மறுத்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று அதுவே ஒரு யோசனை சொன்னது: புல் பண்ணு. நீங்கள் அந்த யோசனையைக் கேட்டீர்கள். கேட்டதில் என்ன தப்பு? சர்வரில் இருந்த பக்கம் திரும்ப உங்கள் பேரேட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. கிட் தன் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டது. நீங்களும் எழுதியிருந்ததைப் படித்து, அதன்படிதான் நடந்தீர்கள். இடையில் நின்று கெடுத்தது அந்தச் சொற்கள்.

இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. கிட்டோடு வருகிற கையேட்டிலேயே ‘ரீசெட், ரிஸ்டோர், ரிவர்ட்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ‘ஒத்த பெயர் உள்ள மூன்று கமாண்டுகள் இருக்கின்றன’ என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பிரித்துச் சொல்கிறது. இங்கிலீஷே தாய்மொழியான லட்சக்கணக்கான பேருக்கு இந்த மூன்றும் புரிந்திருந்தால் அந்தப் பகுதிக்கு என்ன அவசியம்? புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உலகமே கூடிக் கேள்வி கேட்கிறது. அங்கே அதிக ஓட்டு வாங்கிய கேள்விகளில் ஒன்று, கடைசியாகப் போட்ட கமிட்டை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான். நீங்கள் அன்றைக்குத் தேடியதும் அதையேதான். அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இல்லையே.

இன்னும் ஒன்று சொல்கிறேன். ரிவர்ட் என்ற சொல்லுக்கே கிட்டில் ஒரு பொருள், அதற்கு முன் இதே வேலைக்குப் பலரும் வைத்திருந்த சப்வர்ஷன் என்ற மென்பொருளில் வேறு பொருள். சப்வர்ஷனில் ரிவர்ட் என்றால், இன்னும் கமிட் பண்ணாத உங்கள் மாற்றத்தைத் தூக்கி எறிவது. கிட் ரிஸ்டோரோ ரீசெட் ஹார்டோ செய்கிற வேலைக்குத்தான் அது கிட்ட வரும். பழைய ஆள் ஒருவர் “ரிவர்ட் பண்ணிடு” என்று சொன்னால் அவர் மனதில் எது ஓடுகிறது என்று எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. சப்வர்ஷனில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கிட்டுக்கு மாறிய புதிதில், ஒரு நாள் மாலை டெஸ்டிங்கில் இருந்த தோழியிடம் “கமிட் பண்ணிட்டேன், பாத்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சப்வர்ஷனில் கமிட் என்றால் சர்வருக்கே போய்ச் சேர்ந்துவிடும். கிட்டில் கமிட் என் கணினியோடு நின்றுவிடும், புஷ் பண்ணினால்தான் வெளியே போகும். எனக்கு அது தெரியும், படித்திருந்தேன். ஆனால் பத்து வருஷமாக வாய்க்குப் பழகிய சொல் தன் பழைய பொருளோடுதான் வந்தது. அந்தப் பெண் இரவு ஒன்பது மணி வரை ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வராத ஒன்றுக்காக. மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் கமிட் என்ற சொல் நன்றாகத் தெரியும் என்பதுதான் அங்கே சிக்கலே. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்போம்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் கோபம் அடங்கும். 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்தார். லினக்ஸின் உட்கருவான கெர்னலை எழுதும் குழு அதுவரை பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தது, அந்த அனுமதி நின்றுபோன நெருக்கடியில் அவசர அவசரமாக உருவானது இது. ஆரம்பத்தில் அதில் இருந்தவை ரைட்-ட்ரீ, கமிட்-ட்ரீ, அப்டேட்-கேஷ் போன்ற கமாண்டுகள். பெயரைப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஓடும் இயந்திரத்தின் பாகங்களுக்கு வைத்த பெயர் அவை. அதை வைத்துக்கொண்டு ஒரு பில்லிங் புரோகிராமைப் பத்திரப்படுத்த நினைப்பவரின் வேலைக்கு வைத்த பெயர் இல்லை. அந்த வருஷம் ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பொறுப்பேற்று வளர்த்தார். உபயோகிக்க எளிதான கமாண்டுகள் மேலே மேலே வந்தன. ஆனால் அடியில் இருந்த பெயர்கள் அப்படியே மேலே கசிந்துகொண்டிருந்தன.

ஆட் கொடுத்ததும் ஃபைல் போய் உட்காரும் அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதற்குக் கேஷ் என்று பெயர். அப்புறம் இன்டெக்ஸ் ஆனது. அப்புறம், சொல்லிக்கொடுக்க வசதியாக, ஸ்டேஜிங் ஏரியா. மூன்றும் ஒரே இடம். ஒரு பெயர் வந்ததும் முந்தையது ஓய்வு பெற்றிருந்தால் பரவாயில்லை. மூன்றும் இன்று வரை வேலையில் இருக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க டிஃப் கமாண்டில் ஸ்டேஜ்டு என்றும் போடலாம், கேஷ்டு என்றும் போடலாம், இரண்டும் ஒன்று. ஒரு ஃபைலைக் கிட்டின் கண்காணிப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்றால் ஆர்எம் கமாண்டில் கேஷ்டு. ஸ்டாஷ் பண்ணும்போது (கையில் இருக்கும் மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும்போது) அந்த இடத்தைத் தொடாதே என்று சொல்ல கீப்-இன்டெக்ஸ். இதைவிடக் கொடுமை, வேறொருவர் தந்த மாற்றத்தை ஃபைலில் ஏற்றும் அப்ளை கமாண்டில். அங்கே கேஷ்டு என்றால் அந்த இடத்தில் மட்டும் மாற்று என்றும், இன்டெக்ஸ் என்றால் அந்த இடத்திலும் உங்கள் ஃபைலிலும் சேர்த்து மாற்று என்றும் பொருள். ஒரே பொருளுக்கு வந்த இரண்டு பெயர்கள், திடீரென்று ஒரு மூலையில் இரண்டு பொருளுக்குப் பிரிந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர் இதை எந்த டிக்‌ஷனரியில் தேடுவார்?

பூசணிக்காய் கதைதான் இது. கோவையில் அரசாணி என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த மஞ்சள் காய்க்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி. சில ஊரில் அதையே பூசணி என்பார்கள், சில ஊரில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய்தான் வரும். ஆனால் காய்கறிக் கடையில் விரலை நீட்டிக் காட்டிவிடலாம். “அது இல்லண்ணே, பக்கத்துல இருக்கறது.” கமாண்ட் லைனில் விரல் நீட்ட முடியாது. பெயரைச் சொன்னால்தான் காய் வரும், அதுவும் தப்பான காய் வந்தால் கூடையில் ஏற்கெனவே இருந்ததைக் கொட்டிவிட்டு வரும்.

செக்அவுட் இன்னொரு வகை. இங்கே ஒரே பெயருக்குப் பல வேலை. ஒரு பிராஞ்சிலிருந்து (கமிட்டுகளின் ஒரு தனிக் கிளையிலிருந்து) இன்னொன்றுக்கு மாற செக்அவுட். புதிய பிராஞ்ச் உருவாக்க செக்அவுட், கூடவே ஒரு சின்ன பி. ஒரு ஃபைலில் செய்த மாற்றத்தை எறிந்துவிட்டுப் பழையபடி ஆக்க செக்அவுட். பழைய கமிட் ஒன்றைத் திறந்து பார்க்கவும் அதே செக்அவுட், அப்போது ‘டிடாச்டு ஹெட்’ என்று தலை துண்டான கணக்காக ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். அதைப் படித்துப் பதறாத புதியவரை நான் பார்த்ததில்லை. இவற்றில் மூன்று, கையில் இருக்கும் வேலையை அழிக்காதவை. ஃபைலைப் பழையபடி ஆக்குவது மட்டும் கேட்காமல் கொள்ளாமல் உங்கள் வேலையை அழித்துவிடும். பிராஞ்ச் மாறத்தானே தினமும் போடுகிறோம் என்று விரல் பழகிய கமாண்ட், பின்னால் ஒரு புள்ளி வைத்தால் ஃபோல்டரில் நீங்கள் மாற்றிய அத்தனை ஃபைலையும் பழையபடி ஆக்கிவிடுகிறது. கடைசியில் 2019 ஆகஸ்டில், 2.23 பதிப்பில், கிட்டை உருவாக்குபவர்களே இதைப் பிரித்தார்கள். பிராஞ்ச் மாற ஸ்விட்ச், ஃபைலைப் பழையபடி ஆக்க ரிஸ்டோர். நல்ல காரியம். நீங்கள் இனி இந்த இரண்டையும் மட்டும் பயன்படுத்துங்கள் என்பேன். ஆனால் செக்அவுட்டும் இருக்கிறது, அதற்கு முன் எழுதிய பாடங்களும் விடைகளும் நெட்டில் அப்படியே இருக்கின்றன. அதனால் படிப்பவருக்கு இப்போது இரண்டு தலைமுறைச் சொற்களும் தெரிய வேண்டியிருக்கிறது.

உங்கள் கணினியில் நாளைக்கே பார்க்கக்கூடிய ஒன்று. கிட் ஸ்டேட்டஸ் போடுங்கள். ‘உங்கள் பிராஞ்ச், ஆரிஜின்/மெய்ன் உடன் அப் டு டேட்’ என்று வரும். இதைப் படிக்கும் எவரும் சர்வரில் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒன்றுதான் என்றே எடுத்துக்கொள்வார்கள். நெட் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், அப்போதும் அதே வரிதான் வரும். ஸ்டேட்டஸ் சர்வரிடம் பேசுவதே இல்லை. ஆரிஜின்/மெய்ன் என்பது சர்வர் இல்லை, சர்வர் கடைசியாக எப்படி இருந்தது என்று உங்கள் கணினி எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அது ஃபெட்ச் அல்லது புல் பண்ணும்போதும், நீங்கள் புஷ் பண்ணும்போதும்தான் புதுப்பிக்கப்படும். நீங்கள் மூன்று நாள் முன்னால் புல் பண்ணியிருந்தால், மூன்று நாள் பழைய குறிப்போடு ஒப்பிட்டுத்தான் எல்லாம் சரி என்கிறது. பெயரில் ‘ஆரிஜின்’ என்று இருப்பதால் மூலமே அதுதான் என்று தோன்றுகிறது. ஆரிஜினுக்கும் தனி மகிமை எதுவும் இல்லை. குளோன் பண்ணும்போது, எங்கிருந்து எடுத்தோமோ அந்த முகவரிக்குக் கிட் தானாகச் சூட்டும் செல்லப்பெயர், அவ்வளவுதான். வேறு பெயர் வைத்துக்கொண்டாலும் எல்லாம் ஓடும்.

சில பெயர்கள் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. நம் கோடை நாம் அனுப்புகிறோம், அதற்கு ஏன் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர் என்று பயிற்சியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. கெர்னல் உலகில், என்னிடம் மாற்றம் தயார், நீங்கள் வந்து இழுத்துக்கொள்ளுங்கள் என்று பராமரிப்பாளருக்கு மின்னஞ்சல் போடுவார்கள். இழுப்பவர் அவர், அதனால் புல். கோடை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. அதே மாதிரித் தளமான கிட்லேப் அதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்கிறது, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. இரண்டு பிராஞ்சுகளை இணைக்கும் மெர்ஜில் மோதல் வந்தால் ‘அவர்ஸ்’ என்பது நான் நிற்கும் பிராஞ்ச், ‘தெயர்ஸ்’ என்பது வந்து சேர்வது. ரீபேஸ் செய்யும்போது இரண்டும் இடம் மாறிவிடும். நீங்கள் எழுதியதே ‘தெயர்ஸ்’ ஆகிவிடும், ஏனென்றால் ரீபேஸ் அடுத்த பிராஞ்சின் மேல் போய் நின்றுகொண்டு உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறது. காரணம் தெரிந்தால் புரிகிறது. ‘நம்முடையது’ என்ற சொல்லைப் படித்தால் மட்டும் புரியவே புரியாது, எத்தனை இங்கிலீஷ் தெரிந்திருந்தாலும்.

கிட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். விஐ எடிட்டரில் யாங்க் என்றால் காப்பி எடுப்பது. ஈமாக்ஸில் யாங்க் என்றால் பேஸ்ட் பண்ணுவது. இரண்டும் 1976ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தவை, இரண்டையும் இன்றைக்கும் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லேண்டௌர், லூயிஸ் கோமஸ், சூசன் டுமே ஆகிய நான்கு பேர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பொருளுக்கோ வேலைக்கோ நீங்களாக ஒரு பெயர் சொல்லுங்கள் என்று பல துறைகளில் ஆட்களைக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. உங்களுக்கு முதலில் தோன்றும் சொல், அந்தக் கமாண்டுக்குப் பெயர் வைத்தவருக்குத் தோன்றிய சொல்லாக இருப்பதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஜாக்சனும் சான்டியாகோ பெரெஸ் டி ரோஸ்ஸோவும் கிட்டின் அடிப்படைக் கருத்துகளையே ஆராய்ந்து, எது எங்கே உறுத்துகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து கிட்லெஸ் என்று ஒரு மாற்றுக் கருவியை உருவாக்கினார்கள், அதில் ஸ்டேஜிங் ஏரியாவே கிடையாது. அவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய வேண்டிய அளவுக்கு இது உண்மையான பிரச்சினை.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இதற்கு மருந்தில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசத் தயக்கம் இருந்தால், அதற்காகச் சேருங்கள், நல்லதுதான். கிட் புரிய வேண்டும் என்பதற்காகக் காசு கட்டாதீர்கள். டெஸ்டிங் நல்ல வேலை, பிடித்திருந்தால் போகலாம். ஓடிப்போவதற்காகப் போகாதீர்கள், அங்கேயும் கிட் இருக்கிறது. ஸ்மோக், சானிட்டி, ரிக்ரஷன் என்று அவர்களுக்கும் சொற்குவியல் தனியாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் வரையுங்கள். பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும் போடுங்கள். ஒன்று, நீங்கள் எடிட்டரில் திறந்து எழுதும் ஃபைல்கள். இரண்டு, அடுத்த கமிட்டுக்காக எடுத்து வைத்தவை. மூன்று, உங்கள் கணினியில் இருக்கும் கமிட்டுகளின் வரலாறு. நான்கு, சர்வரில் இருக்கும் வரலாறு. இனி எந்தக் கமாண்டைப் பார்த்தாலும் அதன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறது, போகும்போது அங்கே இருந்தது என்ன ஆகிறது என்று மட்டும் கேளுங்கள்.

ஆட், ஒன்றிலிருந்து இரண்டுக்கு. கமிட், இரண்டிலிருந்து மூன்றுக்கு. புஷ், மூன்றிலிருந்து நான்குக்கு. ஃபெட்ச், நான்கிலிருந்து மூன்றுக்கு, ஒன்றாம் கட்டத்தைத் தொடாது. புல் என்பது ஃபெட்ச் பண்ணி, கூடவே உங்கள் பிராஞ்சோடு இணைத்து, ஒன்று வரைக்கும் கொண்டுவருவது. ரிஸ்டோர், இரண்டில் இருப்பதை எடுத்து ஒன்றின் மேல் எழுதும், ஒன்றில் இருந்தது போச்சு. ரிவர்ட், மூன்றில் ஓர் எதிர்ப்பதிவைச் சேர்க்கும், பழையது எதுவும் போகாது. ரீசெட், மூன்றில் உங்கள் பிராஞ்ச் எந்தக் கமிட்டைக் காட்டுகிறதோ அந்த அம்புக்குறியை நகர்த்தும். சாஃப்ட் என்றால் அதோடு நிற்கும், சும்மா விட்டால் இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து மாற்றும், ஹார்டு என்றால் ஒன்று வரைக்கும் வந்து துடைத்துவிடும். அன்று உங்களுக்கு நடந்தது இந்தக் கடைசி வரிதான். தாளில் அம்பு போட்டுப் பார்த்தால், ஒன்றாம் கட்டத்தை நோக்கி வரும் அம்புகள் தனியாகத் தெரியும். அவற்றைச் சிவப்பு மையில் போடுங்கள். சிவப்பு அம்பு உள்ள கமாண்டைத் தொடும் முன் கையில் இருப்பதை ஒரு கமிட் போட்டுவிடுங்கள், பெயர் ‘தற்காலிகம்’ என்று இருந்தாலும் பரவாயில்லை. கமிட் ஆனது எளிதில் தொலையாது. ரீசெட் பண்ணினாலும் ரெஃப்லாக் என்ற கமாண்டில் அதன் தடம் சாதாரணமாக 30 நாளாவது இருக்கும், திரும்ப எடுத்துவிடலாம்.

கூடவே ஒரு சின்ன நோட்டு. கமிட் என்றால் ஒப்புக்கொடுத்தல், ஸ்டேஜ் என்றால் மேடை என்று டிக்‌ஷனரியைப் பார்த்து எழுதாதீர்கள், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று உங்கள் வார்த்தையில், தமிழில், ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். ‘ஃபெட்ச்: சர்வரில் புதுசா என்ன வந்திருக்குன்னு எடுத்து வச்சுக்கும், என் ஃபைல்ல கை வைக்காது.’ இப்படி. அதே பொருளுக்கு வேறு பெயர் கண்ணில் பட்டால் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத முடியாத சொல் வந்தால் அதுதான் உங்களுக்கு உண்மையில் புரியாத சொல், கிட் ஹெல்ப் குளோசரி என்று போட்டுப் பாருங்கள், சொற்பட்டியலே வரும்.

லீடரிடம் எப்படிப் பேசுவது? ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒரு வண்டியை விடுவதற்கு முன் போனில் பிரைவேட் நம்பர் சொல்லி, எதிரில் இருப்பவர் அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் காரியம் நடக்கும். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் நம்பிக்கை இல்லாமல் இல்லை, தப்பானால் விளைவு பெரிது என்பதால். நீங்களும் அடுத்த தடவை, “சார், அந்தக் கமிட்ட எடுக்கற மாதிரி புதுசா ஒரு ரிவர்ட் கமிட் போட்டு புஷ் பண்றேன், சரியா?” என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இதில் தெரியாதவன் என்ற பேச்சே எழாது. அவர் அன்றைக்கு உங்களை எல்லார் முன்னாலும் கேட்டது சரியில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பில்லிங் நிற்கும் நேரத்தில் யாருக்கும் பதற்றம் இருக்கும். ஆனால் எட்டு மாத ஆளிடம் இரண்டு பொருள் உள்ள சொல்லைச் சொன்னவர், எந்தக் கமாண்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, புதிதாக வரும் இரண்டு பேர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் அலுவலகத்தில் உங்களைவிடத் தகுந்த ஆள் இல்லை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இருபது வருஷம் ஆன எனக்கெல்லாம் எந்தச் சொல் எங்கே இடித்தது என்பது மறந்துகொண்டே வருகிறது, உங்களுக்கு இன்னும் வலிக்கிறது. முதல் நாள் லேப்டாப்பைத் திறக்க விடாதீர்கள். அந்த நான்கு கட்டத் தாளை மேசையில் வைத்து, நான்கு சீட்டுகளை ஃபைல் என்று வைத்துக்கொண்டு, கையால் நகர்த்திக் காட்டுங்கள். சீட்டு இரண்டாம் கட்டத்தில் இருக்கும்போது, “இந்த இடத்துக்கு மூணு பேரு இருக்கு” என்று சொல்லி மூன்றையும் எழுதிக் காட்டுங்கள். அப்புறம் ரீசெட் ஹார்டு போடுங்கள் என்று சொல்லி, ஒன்றாம் கட்டத்தில் இருக்கும் சீட்டை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கலாம்.

அந்த ஃபைல் திரும்பக் கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள், தம்பி.